லஸ் அறையின் வீட்டுப்பாடம்

கேள்வி: பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சரை இன்றும் மறக்க முடியவில்லை. ஆனால் நான் பாடகி ஆகவில்லை, பட்டு நெய்கிறேன். அவருக்கு எப்படி நன்றி சொல்வது?
– ஒரு வாசகி, வெம்பாக்கம்

பதில்: தறியில் உட்கார்ந்தபடி அவர் சொல்லிக்கொடுத்த பாட்டை முணுமுணுப்பீர்கள்தானே, பாதி நன்றி அதிலேயே சேர்ந்துவிட்டது! இன்னொரு ஆசிரியர் கதையைக் கேளுங்கள். சென்னை மயிலாப்பூர் லஸ்ஸில் சின்ன அறையில் தங்கி மேற்கத்திய இசை கற்றுக்கொடுத்தவர் தன்ராஜ் மாஸ்டர். பண்ணைப்புரத்து ராசய்யாவை ‘ராஜா’ ஆக்கியவர் அவர்தான். 1976இல் ‘அன்னக்கிளி’ படத்துக்காக அந்தப் பெயருக்கு முன்னால் ‘இளைய’ சேர்த்து அவரை இளையராஜா ஆக்கியவர் திரைப்பட எழுத்தாளர் பஞ்சு அருணாசலம். சிறுவயது ஏ.ஆர்.ரஹ்மானும் மாஸ்டரிடம் படித்தவரே. மாஸ்டர் இவர்களுக்குக் கொடுத்த வீட்டுப்பாடத்தைத்தான் தமிழ்நாடே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. மீதி நன்றிக்கு, டீச்சர் ஊருக்கு பஸ் ஏறுங்கள். அவர் முன்னால் ஒரு பாட்டுப் பாடுங்கள். சுருதி விலகினால் ரொம்ப நல்லது. திருத்துகிற சந்தோஷமும் அவருக்குக் கிடைக்கும்.