கால் கிலோ வானம்

வித்துரா முக்கில் இருக்கிற பலசரக்குக் கடைத் தராசில் வெல்லம் ஏறிப் பார்த்திருக்கிறேன், வற்றல் மிளகாய் ஏறிப் பார்த்திருக்கிறேன். போன மாசி மாதம் ஒரு காலை வேளையில் டிரோன் ஏறியது. கடைக்காரர் முதலில் தட்டில் ஒட்டியிருந்த கருப்பட்டிப் பிசுக்கைத் துண்டால் துடைத்தார். பிறகு அதன் நான்கு கைகளையும் மடக்கி, கோழிக்குஞ்சை வைப்பதுபோல நடுவில் வைத்தார். தராசு கொஞ்ச நேரம் முழித்துவிட்டு 0.250 என்று காட்டியது.

என் மருமகனுக்கு முகம் செத்துவிட்டது. "பெட்டியில 249-னு போட்டிருக்கு மாமா!"

"இந்தத் தராசு அஞ்சஞ்சு கிராமாட்டுதான் கூட்டும் மோனே. ஒரு கிராம் உனக்கு லாபம்னு வச்சுக்கோ" என்றார் கடைக்காரர். அவர் பேசியது மலையாளம். நாகர்கோவில்காரன் காதில் விழும்போது அது பாதி தமிழாகிவிடும். 1956 நவம்பர் 1 வரைக்கும் இரண்டு ஊரும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம்தானே, அந்தப் பழக்கம் காதுக்கு இன்னும் போகவில்லை.

ஒரு கிராமுக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்பீர்கள். அக்கா மகன் பொறியியல் படிக்கிறவன், சட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் டிரோன் வாங்கியிருந்தான். 2021 ஆகஸ்ட் 25-ஆம் தேதி வந்த டிரோன் விதிகள், பறக்கிற யந்திரங்களை எடைப்படி ஐந்து பந்தியாக உட்கார வைத்திருக்கின்றன. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. அப்புறம் 25 கிலோ, 150 கிலோ, அதையும் தாண்டினால் பெரிசு. நானோ பந்திக்கு ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம், வகைச் சான்றிதழும் வேண்டாம். பந்தி மாறினால் இலையில் விழுகிற பதார்த்தமும் மாறும். 2014 அக்டோபரில் தனியார் யாரும் டிரோனே பறக்கவிடக் கூடாது என்று சொன்ன நாடு இது. ஏழு வருஷத்தில் இவ்வளவு இறங்கி வந்திருக்கிறது. வேறு பல நாடுகளிலும் இந்தக் கால் கிலோதான் கோடு, அதனால்தான் உலகத்துக் கம்பெனிகளெல்லாம் 249 கிராமில் டிரோன் செய்து தள்ளுகின்றன. 999 ரூபாய்ச் செருப்பின் தம்பி அது.

கால் கிலோ "வரை" என்றுதான் விதியில் இருக்கிறது, ஆகவே கடைத் தராசுப்படியும் நானோதான் என்று அவனைச் சமாதானம் செய்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வந்தால் திண்ணையில் அக்கா தயாராக நிற்கிறாள். கையில் நூல் கோத்த எலுமிச்சம்பழம், ஏழு பச்சை மிளகாய்.

"அம்மா, வேண்டாம். வெயிட் கூடீரும்."

"எலே, உங்க மாமா பைக் வாங்குனப்பவும் நான்தாம்ல கெட்டுனேன். இன்னைக்கு வர ஒரு கீறல் உண்டா?"

அந்த பைக்கை நான் இரண்டு தடவை வாய்க்காலில் விட்டது அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் சட்டம் மருமகன் பக்கம்தான். எடை என்றால் தரையை விட்டுக் கிளம்பும்போது உள்ள மொத்த எடை, சுமக்கிற சாமான் உட்பட. ஒரு எலுமிச்சம்பழம் நாற்பது கிராமாவது வரும். பழம் கட்டிய நிமிஷத்தில் நானோ மைக்ரோவாகிவிடும். கண்திருஷ்டி கழித்தால் சட்டத் திருஷ்டி வந்து சேரும். கடைசியில் பழத்தை ரிமோட்டில் கட்டுவது என்று பேசித் தீர்த்தோம். ரிமோட்டுக்கு எடை வரம்பு கிடையாது.

இனி எங்கே பறக்கவிடுவது?

முதலில் போனது ஒரு சின்னப் பூங்கா. ஊர்ப் பெயர் வேண்டாம். வாசலில் ஒரு பலகை. பூப்பறிக்கக் கூடாது, துப்பக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது, புல்லில் படுக்கக் கூடாது. மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தோம், டிரோன் இல்லை. பலகை எழுதிய காலத்தில் பூங்காவில் பறந்தவை காக்கையும் காற்றாடியும்தான். மருமகன் வெற்றிச் சிரிப்போடு காவல்காரப் பெரியவரிடம் போனான்.

"பலகையில டிரோன் பறக்கக் கூடாதுன்னு எழுதல்லியே?"

"பறக்கலாம்னு எழுதியிருக்கா?"

நான் வாழ்க்கையில் பல வக்கீல்களைக் கண்டிருக்கிறேன், இப்படி ஒரு வாதத்துக்கு அவர்கள் ஃபீஸ் வாங்குவார்கள். யோசித்துப் பார்த்தால் பெரியவர் சொன்னதில் தப்பும் இல்லை. வானம் மத்திய அரசுடையது. டிஜிட்டல் ஸ்கை என்று ஒரு வரைபடம் வைத்திருக்கிறார்கள், அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சையில் 400 அடி வரை யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் டிரோன் விடுகிறவன் வானத்திலா நிற்கிறான்? அவன் கால் ஒரு புல்லின் மேல் நிற்கிறது. அந்தப் புல்லுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. நம்மைப் போன்றவர்களின் டிரோன் பிழைப்பு முழுக்க இந்தக் காலடிப் புல்லில்தான் மாட்டிக்கொள்கிறது. 400 அடிக்கு டெல்லி சம்மதம், முதல் அரை அடிக்குப் பெரியவர் சம்மதிக்க வேண்டும்.

பூங்காவிலிருந்து திரும்பும் வழியில் நெடுமங்காடு பக்கம் வலியமலை வருகிறது. இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம் இருக்கிற இடம். டன் கணக்கில் ராக்கெட்டைத் தூக்கும் எஞ்சினுக்கு வேலை நடக்கிற ஜில்லாவில் இரண்டு பேர் கால் கிலோவைத் தூக்க இடமில்லாமல் ஸ்கூட்டரில் அலைந்துகொண்டிருந்தோம்.

"அப்போ பொன்முடி போவோம் மாமா. 22 கொண்டை ஊசி. மேல இருந்து எடுத்தா பாம்பு மாதிரி இருக்கும்."

வித்துராவிலிருந்து பொன்முடிக்குப் போகிற ரோட்டில் கல்லார். அங்கே காடு ஆரம்பமாகிவிடும். சோதனைச் சாவடியில் ஒரு இளைஞர் பையைத் திறக்கச் சொன்னார். பிளாஸ்டிக் பாட்டில் தேடியவருக்கு டிரோன் கிடைத்தது. ரிமோட்டை எடுத்துப் பார்த்து, "இதெந்தா, நாரங்ங?" என்று எலுமிச்சம்பழத்தைக் கேட்டார். அதற்கு எங்களிடம் சட்டப்படியான விளக்கம் இருந்தது, கேட்கத்தான் அவருக்குப் பொறுமையில்லை. "வனத்தில் பறப்பிக்கான் பற்றில்லா சாரே. மேலதிகாரியிடம் எழுதி வாங்கி வரணும்" என்று பையை மூடித் தந்தார்.

மருமகன் முணுமுணுத்தான். எனக்கென்னவோ இந்த இளைஞர் பக்கம்தான் நியாயம். பக்கத்தில்தான் பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம், 1983-இல் அறிவித்தது, 53 சதுர கிலோமீட்டர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வேட்டை என்றால் துப்பாக்கி மட்டும் இல்லை, காட்டுப் பறவையின் கூட்டைத் தொந்தரவு செய்வதும் அதன் வரையறைக்குள் வருகிறது. பாம்பு மாதிரி ரோட்டைப் படமெடுக்கப் போனவன் திரும்பும்போது வேட்டைக்காரனாகத் திரும்ப வேண்டியிருக்கும். அமெரிக்காவில் 2014-இலேயே தேசியப் பூங்காக்களில் டிரோனுக்குத் தடை போட்டுவிட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் ஒரு நெதர்லாந்துக்காரர் எல்லோஸ்டோனின் பெரிய வண்ண வெந்நீர் ஊற்றுக்குள் டிரோனை முழுக வைத்தார். 3,000 டாலருக்கு மேல் கட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

யானை விஷயம் இன்னும் ருசியானது. தேனீக்கள் என்றால் யானைக்கு ஆகாது. டிரோன் சத்தமும் ஏறக்குறைய அதே ரீங்காரம். தான்சானியாவில் விளைநிலத்துக்குள் வரும் யானைகளை டிரோன் விட்டே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அங்கே யானைக்கு இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் காடு. கல்லாரில் யானைக்கு அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் நானும் ஒரு பழைய ஸ்கூட்டரும்.

திரும்பும்போது மேகம் கொஞ்சம் விலகி, தூரத்தில் அகத்தியர்கூடம் தெரிந்தது. 1,868 மீட்டர். வித்துராவைத் தாண்டி போணக்காட்டிலிருந்துதான் ஏற்றம் தொடங்கும், அதற்கும் வருஷத்தில் சில வாரம்தான் அனுமதி. எனக்கு அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் எடை விதியின் முதல் கேஸ் ஞாபகம் வரும். கைலாயத்தில் கல்யாணம், கூட்டம் எல்லாம் வடக்கே போய்விட்டது, பூமி சாய்ந்தது. சமன் செய்ய ஒரே ஒரு ஆளைத் தெற்கே அனுப்பினார்கள், அதுவும் குறுமுனி அகத்தியரை. உருவத்தில் நானோ, எடையில் ஐந்தாம் பந்தி. எங்கள் கடைக்காரர் தராசில் அவரை ஏற்றியிருந்தால் என்ன காட்டியிருக்குமோ.

கடைசியில் அத்தான்தான் வழி சொன்னார். "நம்ம தோட்டத்துல விடுங்க. நம்ம மண்ணு, யாரு கேப்பா?"

யார் கேட்பார் என்பது பறக்கவிட்ட நாலாவது நிமிஷத்தில் தெரிந்தது. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்ற சமயம், வானம் நன்றாகத் தெரிந்தது. வானத்திலிருந்து பக்கத்துத் தோட்டங்களும் நன்றாகத் தெரிந்தன. முதலில் வந்தவர் மேற்குப் பக்கத்துக்காரர், கையில் பழைய பிரமாணம். கேரளத்தில் 2022 நவம்பர் 1 முதல் நிலத்தையெல்லாம் டிஜிட்டலாக மறு அளவை செய்கிறார்கள், அந்த வேலையில் டிரோனும் உண்டு. இவர் அதுதான் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். "எல்லைக் கல்லு அங்கே இல்லை, இந்த அயனி மூட்டில்" என்று டிரோனை அண்ணாந்து பார்த்துச் சொன்னார். அதற்குக் காது இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். கிழக்குப் பக்கத்துக்காரர் ஓடிவந்து அதே டிரோனிடம் எதிர்க்கட்சி வாதத்தை வைத்தார். இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் ஒரே யந்திரத்துக்கு மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவதாக, தோட்டத்து மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேர் லுங்கியை மடித்துக்கொண்டு சிதறி ஓடினார்கள். இதற்குக் காரணம் 2020 ஏப்ரல். ஊரடங்கில் கேரள போலீஸ் டிரோன் விட்டு ஆட்களை ஓட ஓட விரட்டியதைக் கிரிக்கெட் வர்ணனையோடு கோத்து வெளியிட்டது, நாடே சிரித்தது. அதே மாதம் திருப்பூரில் மரத்தடியில் கேரம் ஆடியவர்கள் ஓடியதும், ஒருவர் கேரம் பலகையைக் குடையாகப் பிடித்து முகத்தை மறைத்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. ஊரடங்கு போய்விட்டது, கால் மட்டும் அதை இன்னும் நம்பவில்லை.

இந்தக் களேபரத்தில் மருமகன் 'வீடு திரும்பு' பொத்தானை அமுக்கினான். யந்திரம் சமர்த்துதான். கிளம்பிய இடத்தை நினைவில் வைத்து, சொல்லிய உயரத்துக்கு எழும்பி, அந்த இடத்துக்கு நேர் மேலே வந்து, செங்குத்தாக இறங்கும். கிளம்பும்போது நாங்கள் நின்றது பலாமரத்துக்கு ஓரமாக, வெட்டவெளியில். ஆனால் செயற்கைக்கோள் கணக்கில் ரெண்டு மீட்டர் முன்னே பின்னே இருக்கும். ரெண்டு மீட்டரில் பலாமரத்தின் நட்ட நடு. ஒரு கிளை உடைகிற சத்தம், இலை கொட்டுகிற சத்தம், அப்புறம் நிசப்தம். அக்கா மட்டும் சொன்னாள்: "எலுமிச்சம்பழத்தை அதுலயே கெட்டியிருக்கணும்."

தென்னை ஏறுகிற அண்ணாச்சிக்குப் போன் போயிற்று. வந்தவர் மரத்தைச் சுற்றி வந்து, "தென்னைக்கு ஒரு ரேட், பலாவுக்கு வேற ரேட்" என்றார். டிரோனைப் பதிவு செய்ய அரசாங்கம் வாங்குகிற கட்டணம் 100 ரூபாய். அவர் கேட்டது அதைப்போல எட்டு மடங்கு. வானத்துக்கு மட்டும்தான் சலுகை விலை போலிருக்கிறது. ஏறி, எறும்பைத் தட்டிவிட்டு, ஒரு கையில் டிரோனும் இடுப்பில் ஒரு பலாக்காயுமாக இறங்கினார். காய் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கிளை கிழக்குப் பக்கத்துக்காரர் வானத்தில் இருந்தது என்று மேற்குப் பக்கத்துக்காரர் மட்டும் குறிப்பிட்டார்.

ராத்திரி மருமகன் மெமரி கார்டைப் போட்டுக் காட்டினான். ரப்பர் தோட்டம் வந்தது, இரண்டு அண்ணாந்த முகங்கள் வந்தன, ஓடுகிற லுங்கிகள் வந்தன. அப்புறம் பத்து நிமிஷம் ஒரே பலா இலை. கடைசியில் இலையை விலக்கிக்கொண்டு அண்ணாச்சியின் முகம், திரை முழுக்க. கேமராவை உற்றுப் பார்த்து ஏதோ சொல்கிறார். இந்த டிரோனில் சத்தம் பதிவாகாது. அத்தான் மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "'உனக்கு இங்க என்னடே வேலை'ன்னுதான் சொல்றாரு" என்றார். மருமகன் அது கெட்ட வார்த்தை என்கிறான். உதட்டசைவு தெளிவாகத் தெரிகிறது, "பர்மிஷன் உண்டோ" என்றுதான் கேட்கிறார் என்று அக்கா சாதிக்கிறாள்.