மேப்பிள் இலையில் ஒளிச்சேர்க்கை

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒளிச்சேர்க்கையைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். சந்தேகமிருந்தால் சுவரைப் பாருங்கள். கேன்வாவில் செய்த போஸ்டர். கூலிங்கிளாஸ் மாட்டிய சூரியன்; கீழே அழகான மேப்பிள் இலை. ஜன்னல் வழியே கை நீட்டினால் செம்பருத்தி. ஆனால் டெம்ப்ளேட்டில் செம்பருத்தி இல்லையாம். அதனால் பாடத்திலும் இல்லை.

இரண்டு நாள் பயிற்சியில் எந்த எழுத்துரு கண்ணுக்குக் குளிர்ச்சி என்று கற்றுத் தந்தார்கள். “பிள்ளைகளை ஈர்க்கணும் டீச்சர்” என்றார் பயிற்சியாளர். இலையில் மாவுச்சத்தைச் சோதிக்க அயோடின் கிடைக்குமா என்று கேட்டேன். “அதெல்லாம் போட்டோல எடுபடாது” என்றார். நியாயம்தான். போட்டோவில் எடுபடாத எதுவும் எங்கள் உலகில் நடந்ததாகக் கணக்கில்லை.

ஆய்வக பீரோவில் சோதனைக் குழாய்கள் இருக்கின்றன. ஸ்டாக் ரிஜிஸ்டர்படி இத்தனை வருடத்தில் ஒன்றுகூட உடையவில்லை. எப்படி உடையும்? உடைந்தால் டீச்சர் கைக்காசு. தணிக்கைக்கு வருபவர் எண்ணிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போகிறார். எடுத்துப் புழங்கினீர்களா என்று ஒருவர் கேட்டதில்லை, பாவி மனுஷர்கள்!

கணினியைத் திட்டவில்லை. 2001-இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன், மறு ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் ‘ஃபெட்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். இலவசம். அதில் பிள்ளைகள் திரையிலேயே மின்சுற்று கட்டலாம். பேட்டரியின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் தீப்பிடிக்கும். பிள்ளை தன் கையால் அதைக் கொளுத்திப் பார்த்து, ‘ஐயோ, ஏன்?’ என்று விழிக்க வேண்டும். நாங்கள் என்ன செய்தோம்? எரிகிற பேட்டரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அம்புக்குறி போட்டு, லேமினேட் செய்து மாட்டினோம். மவுஸ் பிள்ளைகள் கைக்குப் போகவே இல்லை. கெட்டுப்போய்விடுமாம்.

போன வாரம் பொறுக்காமல் மெடிக்கல் ஷாப்பில் டிங்சர் அயோடின் வாங்கினேன். காலை பிரேயருக்கு முன்பே பறித்து வைத்த செம்பருத்தி இலையை, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஸ்பிரிட் குழாயை வைத்து, வெளுக்கும்வரை வேகவைத்தோம். சொட்டு விட்டோம். மாவுச்சத்தைக் காட்டும் கருநீலம் வரவில்லை. வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: “ராத்திரி பூரா இருட்டுலதானே டீச்சர் இருந்துச்சு? இருந்ததைத் தின்னுருக்கும்.”

எந்த டெம்ப்ளேட்டிலும் இல்லாத வரி அது. மதியம் வெயில் குடித்த இலையைப் பறிக்க நாற்பது பேரும் செடியை மொட்டையடித்தார்கள். இந்த முறை மை கொட்டினாற்போல் கறுத்தது. ஒருவன் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது.

போட்டோ எடுக்க மறந்துவிட்டேன். ஆகவே அந்த வகுப்பு நடக்கவில்லை. மாலையில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: “அறிவியல் போஸ்டர் போட்டி. தலைப்பு: செய்து கற்போம். 5 மணிக்குள் பதிவேற்றவும். கையால் வரைந்தவை ஏற்கப்படமாட்டா.”