கருந்திரை இயல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

புதிதாக நிறுவிய ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தை முதன்முறை உயிர்ப்பித்ததும் தோன்றுவது ஒரு கறுப்புத் திரை; அதில் ‘லாகின்’ என்றொரு சொல், பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி. படம் இல்லை, பொத்தான் இல்லை, மவுஸை நகர்த்தி அழுத்த ஓரிடமும் இல்லை. கணினி கெட்டுவிட்டது என்று வீட்டார் தீர்ப்பு எழுதும் கட்டம் இதுவே. உண்மையில் நிறுவல் பழுதின்றி முடிந்ததற்கு அதுதான் சான்று. 1993 முதல் வெளிவரும் இத்தளம் சர்வர் அறைகளில் வாழ்ந்து பழகியது. அங்கே வால்பேப்பரை ரசிக்க ஆள் கிடையாது. ஆகவே அதன் 14ஆம் பதிப்பை நிறுவும்போது வன்தட்டை எப்படிப் பிரிப்பது, எந்த ஊர் நேரம் வைப்பது என்றெல்லாம் கேள்வி வரும். டெஸ்க்டாப் வேண்டுமா என்ற கேள்வி மட்டும் வராது.

நிறுவலுக்கும் முதல் சாளரத்துக்கும் இடைப்பட்ட இக்காலத்தைக் ‘கருந்திரைக் காலம்’ என வழங்குவோம். சங்கம் மருவிய காலத்துக்குக் கிடைத்த கவனத்தில் நூற்றிலொரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை என்பது ஆய்வுலகின் குறை.

முதற்கண் கருவி ஆராய்ச்சி. மென்பொருள் பொதிகளை நிறுவும் கருவியின் பெயர் பிகேஜி. அதை அழைத்தால், “அக்கருவி இன்னும் நிறுவப்படவில்லை, நிறுவட்டுமா?” என்னும் பொருள்பட ஒரு கேள்வி வருகிறது. இல்லாத ஒன்று தான் இல்லை என்பதைத் தானே வந்து சொல்வது எங்ஙனம் என்பது கடா. அதே பெயரில் ஒரு சிறு நிரல் தளத்தோடு பிறந்திருக்கிறது, தன் பெரிய அண்ணனை இணையத்திலிருந்து அழைத்து வருவதே அதன் வேலை என்பது விடை. அண்ணன் வந்தபின் எக்ஸ்ஆர்க் வருகிறது. 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் சாளர முறைமையின் இன்றைய வடிவம் அது. முதல் மூன்றாண்டுகளில் பதினொரு பதிப்பு கண்டது எக்ஸ். 1987இல் பதினொன்றாவதை அடைந்தபின் பன்னிரண்டாவது வரவே இல்லை. இதை முதிர்ச்சி என்பார் ஒரு சாரார். சோர்வு என்பார் பிறர்.

முற்காலத்தார் பட்டது பெரும்பாடு. 1990களில் திரையின் கிடைமட்ட, செங்குத்து அதிர்வெண்களை மானிட்டரின் கையேட்டில் தேடி எடுத்து அமைவுக் கோப்பில் எழுத வேண்டும். தவறான எண் மானிட்டரையே பாழாக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கும். இன்று திரை தன் ஜாதகத்தைத் தானே சொல்லிவிடுகிறது. எஞ்சியிருப்பது வரைகலைச் சில்லுக்கான டிரைவர்: இன்டெலுக்கு ஒன்று, ஏஎம்டிக்கு ஒன்று, பழைய ரேடியானுக்கு வேறொன்று. இவை லினக்ஸ் கருவகத்திலிருந்து பெயர்த்து நடப்பட்டவை என்பதை இரு முகாமினரும் உரக்கச் சொல்வதில்லை. டிரைவரின் பெயரை ஆர்சி.கான்ஃப் கோப்பில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். பயனரை ‘வீடியோ’ குழுவில் உறுப்பினராக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மறப்பது மரபு.

இனி கருமையின் வகை. அது மூன்று. கட்டளைக்காகக் காத்திருக்கும் கருமை ஒன்று. டிரைவர் சுருண்டு விழுந்த கருமை மற்றொன்று. மூன்றாவதே ஆய்வாளரை அலைக்கழிப்பது: வெற்றியின் கருமை. எக்ஸை எந்தத் துணையுமின்றித் தனியே இயக்கினால், அது ஒழுங்காக ஓடும்போதும் காட்டுவது வெறுங்கறுப்புதான். மவுஸின் அம்புக்குறிகூட மறைந்திருக்கும். முன்பெல்லாம் சாம்பல் நிறத்தில் கண்ணைக் கூசவைக்கும் நெசவுக் கோலம் ஒன்று தோன்றும். அழகில்லை என்று அதை எடுத்துவிட்டார்கள். ஏங்குவோருக்காக ‘ரெட்ரோ’ என்று ஒரு விருப்பம் மட்டும் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் கருமையையும் மூன்றாம் கருமையையும் கண்ணால் பிரித்தறிய வழியில்லை.

அதற்குத்தான் மூலபாடம் இருக்கிறது: எக்ஸ்ஆர்க் எழுதும் லாக் கோப்பு. அதன் தொடக்கத்திலேயே குறிவிளக்கம் தரப்பட்டுள்ளது. காண்டல், கருதல், உரை என அளவை மூன்று என்பது சைவ சித்தாந்த மரபு. லாக் கோப்பும் அந்நெறியே நிற்கிறது. வரியின் முன் இரு சிறுகோடு இருந்தால் மென்பொருள் தானே துழாவிக் கண்டது, அதாவது காண்டல். இரு உடுக்குறி இருந்தால் அமைவுக் கோப்பு சொன்னது, அதாவது உரை. இரு சமக்குறி என்றால் யாரும் ஒன்றும் சொல்லாததால் தானாக வைத்துக்கொண்டது, கருதலில் அடக்கலாம். இரு வினாக்குறி என்றால் தெரியாது. தெரியாமைக்கென்றே ஒரு குறியை ஒதுக்கும் நேர்மை உரையாசிரியர்களிடம்கூட அரிது.

இம்மூலத்தில் மாயாவாத வரி ஒன்றும் உண்டு. பிழைக்குறியோடு வரும் அதன் பொருள்: “திரை எதுவும் காணப்படவில்லை.” அச்செய்தியைப் பயனர் படித்துக்கொண்டிருப்பது திரையில்.

எல்லாம் கூடிவந்து, சொந்த அமைப்பு எதுவும் எழுதாமல் ‘ஸ்டார்ட்எக்ஸ்’ என்று தட்டினால் கிடைப்பது என்ன? இயல்பு அமைப்பின்படி, 1987இல் டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதிய டிடபிள்யூஎம் என்னும் சாளர மேலாளர், ஒரு சிறு கடிகாரம், மூன்று டெர்மினல்கள். ஒரு கட்டளை வரியிலிருந்து விடுபடப் பாடுபட்டவருக்கு மூன்று கட்டளை வரிகள். எவ்வளவு நேரம் வீணானது என்று பார்க்கக் கடிகாரம். அம்மூன்றில் ‘லாகின்’ என்ற பெயருடைய டெர்மினலை மூடினால் வரைகலை அமர்வு முழுவதும் முடிந்துபோகும். மற்ற இரண்டை மூடினால் ஒன்றும் ஆகாது.

இதற்குமேல் கேடிஇ, க்னோம், எக்ஸ்எஃப்சிஇ என டெஸ்க்டாப் சமயங்கள் பல. மூன்றும் 1996, 1997 ஆண்டுகளில் தோன்றியவை. அவற்றின் பூசல் தனி நூலாக விரியும். எக்ஸ்எஃப்சிஇ வழி செல்வோருக்கு ஒரு குறிப்பு போதும்: நுழைவுத் திரைக்கு லைட்-டிஎம் நிறுவுவோர், அதன் ‘கிரீட்டர்’ என்னும் வரவேற்பாளர் தனிப் பொதி என்பதை அறிக. அவரை அழைக்காவிட்டால் முன்சொன்ன கருமை வகையில் ஒன்று மீளும்.

கடைசியாகத் தமிழருக்கே உரிய சிக்கல். தமிழ் எழுத்துரு இல்லாத புது டெஸ்க்டாப்பில் ‘தமிழ்’ என்று பெயரிட்ட கோப்பைத் திறந்தால், அங்கே ஐந்து பெட்டிகள். ஒவ்வொன்றுள்ளும் பொடி எழுத்தில் ஒரு குறியெண். தொல்காப்பிய வழியில் எண்ணினால் அச்சொல் மூன்றெழுத்து: த, மி, ழ். ஆனால் யூனிகோடில் இகரக் குறிக்குத் தனியிடம், புள்ளிக்குத் தனியிடம், ஆக ஐந்து. ஆய்த எழுத்தையும் குற்றியலுகரத்தையும் சார்பெழுத்து என்று ஒதுக்கியவர்கள், புள்ளிக்கு ஒரு முழுப் பெட்டி கிடைப்பதைப் பார்த்திருந்தால் நூற்பா ஒன்று கூடியிருக்கும். நோட்டோ குடும்பத்துத் தமிழ் எழுத்துருவை நிறுவி, கோப்பு மேலாளரை மூடித் திறந்தால், ஐந்து மீண்டும் மூன்றாகிவிடுகிறது.