செருப்பு ஸ்டாண்டும் பிரிபடாத பாகமும்: ஓர் எல்லை ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வெடிக்கும் சண்டைகளை அறிந்தோர் தண்ணீர், கார் பார்க்கிங், நாய், மேல்வீட்டு ஒழுகல் என நான்காக வகுப்பர். ஐந்தாவதாக ஒன்று உண்டு. தினமும் காலில் இடறுவதாலேயே அது அறிஞர்களின் கண்ணுக்குத் தப்பிவிட்டது. வீட்டுக் கதவுக்கு வெளியே, லிப்ட்டுக்கு எதிரே, சுவரை ஒட்டி நிற்கும் செருப்பு ஸ்டாண்ட் யாருடைய இடத்தில் நிற்கிறது? இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. களமும் முறையும்

களம், தென்சென்னையில் இரண்டு கிரவுண்டு மனையில் எழுந்த ஒரு கட்டடம். தரைத்தளத்தில் கார்கள், மேலே மூன்று மாடி, மாடிக்கு நான்கு வீடு, ஆக 12 வீடு. அதில் ஒரு ஸ்டாண்ட் ஆய்வாளருடையது என்பதை நடுநிலை கருதி இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கருவி, தையல் மெஷின் டிராயரில் இருந்த டேப். நேரம், பேப்பர் போடும் பையன் வருமுன், காலை ஐந்தரை. முதல் மாடியில் அளந்துகொண்டிருந்தபோது ஒருவர் கதவைத் திறந்தார். தன் செருப்பருகே நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று மதியம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், 'செருப்புகளை உள்ளே வைத்துக்கொள்வது நல்லது' என்று பெயர் குறிப்பிடாத எச்சரிக்கை ஒன்று வந்தது. ஆய்வுக்குக் கிடைத்த முதல் அங்கீகாரமாக அதை எடுத்துக்கொண்டேன்.

3. ஸ்டாண்டின் பரிணாமம்

எந்த ஸ்டாண்டும் ஒரே நாளில் முளைப்பதில்லை. முதலில் ஒரு மிதியடி வரும். அதை யாரும் ஆட்சேபிக்க முடியாது. ஆட்சேபித்தால் சுத்தத்துக்கு விரோதி ஆகிவிடுவோம். அடுத்து அதன் பக்கத்தில் இரண்டு ஜோடி செருப்பு. மூன்றாம் நிலையில், தொட்டால் ஆடும் நாலடுக்கு பிளாஸ்டிக் தட்டு. நான்காம் நிலையில் கதவு வைத்த மரப்பெட்டி. அதன் தலைமேல் மணி பிளான்ட் பாட்டிலும் பழைய கரன்ட் பில்லும். ஐந்தாம் நிலையில் பேரனின் மூன்று சக்கர சைக்கிளும் காலி வாட்டர் கேனும் துணைக்கு வரும். ஆறாம் நிலை, இரும்பு கிரில் கேட். அதற்குப் பூட்டும் போட்டுவிட்டால் பொது இடம் அந்த வீட்டின் இன்னோர் அறை.

கோலத்தை இந்த வரிசையில் சேர்க்க முடியாது. அதுவும் இதே இடத்தைத்தான் பிடிக்கிறது. ஆனால் மறுநாள் காலை தண்ணீர் தெளித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. (எங்கள் கட்டடத்தில் ஏழு வீட்டில் ஸ்டிக்கர் கோலம். அது திருப்பிக் கொடுப்பதில்லை.)

நான்காம் நிலைப் பெட்டி ஒன்றைப் பற்றி, எங்கள் கட்டடத்தைப் பெருக்கும் அம்மாவிடம் கேட்டேன். "அத நவுத்த ரெண்டு ஆளு வேணும் சார். போன தீவாளிக்கு வெடிச்ச சரத்துப் பேப்பர் இன்னும் அடியிலதான் இருக்கு" என்றார். தொல்லியல் சான்று என்ற வகையில் இது முக்கியமானது.

4. சட்டப் பின்புலம்

தமிழ்நாட்டில் அடுக்குமாடி வீடுகளின் உரிமைக்கென்று 1994-லேயே ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2022-ல் இயற்றிய சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. சங்கங்கள் பல, 1975-ம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ், ஏதோ இலக்கிய மன்றம்போலப் பதிவாகியிருப்பவை. 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டமோ பொதுப் பகுதி எதுவென்று பட்டியலே போடுகிறது: மாடிப்படி, லிப்ட், அவற்றின் லாபி, தீப்பிடித்தால் தப்பிக்கும் வழி, மொட்டை மாடி, சம்ப், மோட்டார் என்று நீள்கிறது. செருப்பு என்ற சொல் அதில் இல்லை.

செருப்பைக் காலின் வாகனம் என்று கொண்டால் ஒரு முன்மாதிரி கிடைக்கும். மும்பை வழக்கு ஒன்றில், தூண்களுக்கிடையே உள்ள கார் நிறுத்துமிடத்தை பில்டர் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்தது. காருக்கே தனிப் பட்டா இல்லையென்றால் ஹவாய் செருப்புக்கு எங்கே போவது?

புதிய சட்டத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும். அதாவது எங்களில் எட்டுப் பேர் கை தூக்கினால் கட்டடத்தையே இடித்துவிடலாம். ஒரு ஸ்டாண்டை ஓரடி நகர்த்தவோ பன்னிரண்டு பேரும், அவர்கள் வீட்டம்மாக்களும், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரும் சம்மதிக்க வேண்டும்.

உண்மையில் தகராறு ஒரு சொல்லில் இருக்கிறது. கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை உண்டு, சதுர அடி உண்டு, 'வாசல்' இல்லை. சட்டம் 'லாபி' என்கிற இடத்தை நாம் 'நம்ம வாசல்' என்கிறோம். அந்தக் காலத்து வீட்டில் செருப்பையும் வழிப்போக்கரையும் திண்ணை பார்த்துக்கொண்டது. திண்ணையை இடித்துத்தான் ஃபிளாட் கட்டினோம். செருப்பு மட்டும் வெளியே நின்றுகொண்டு தன் திண்ணையைத் தேடுகிறது.

இந்த உரிமையுணர்வுக்கு ஓர் எல்லையும் உண்டு. இடம் எனது, அங்கே எரியும் பல்பு சங்கத்தினுடையது. லிப்ட் இல்லாத, மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் மிகாத குடியிருப்புகளுக்குப் பொது மின்சாரக் கட்டணத்தை அரசு 2023-ல் யூனிட்டுக்கு 5.50 ரூபாயாகக் குறைத்தது. நாங்கள் இரண்டு வீட்டாலும் ஒரு லிப்ட்டாலும் அதைத் தவறவிட்டோம். அன்றிலிருந்து மொட்டை மாடிப் படியில் பல்பு ஃபியூஸ் ஆனால் மாற்றுவதற்கு யாரும் அவசரப்படுவதில்லை. இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

5. கணக்கு

இரண்டு கிரவுண்டு என்பது 4,800 சதுர அடி. அதில் பன்னிரண்டில் ஒன்று, 400 சதுர அடி, எனது யூ.டி.எஸ். பத்திர மொழியில் 'பிரிபடாத பாகம்'. அந்த 400 எங்கே இருக்கிறது என்று சார்பதிவாளரே வந்தாலும் கை காட்ட முடியாது. அது மனையின் ஒவ்வொரு பிடி மண்ணிலும் பன்னிரண்டில் ஒரு பங்காகக் கலந்திருக்கிறது. கடவுளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். அவருக்கு முத்திரைத்தாள் கட்டணம் இல்லை, அவ்வளவே.

அதே நியாயத்தை லாபிக்கும் நீட்டுவோம். என் ஸ்டாண்ட் 30 அங்குல நீளம், 12 அங்குல அகலம். அடைப்பது 360 சதுர அங்குலம். அதில் எனக்குரியது பன்னிரண்டில் ஒன்று, 30 சதுர அங்குலம். என் ஏழாம் நம்பர் செருப்பு, குத்துமதிப்பாக 10 அங்குலத்துக்கு 4, ஆக 40. எனவே என் வாசலில் நான் நியாயமாக வைக்கத்தக்கது முக்கால் செருப்பு.

இதில் மனம் தளர வேண்டியதில்லை. அதே உரிமை மற்ற பதினோரு வாசலிலும் எனக்குண்டு. வாசலுக்கு முக்கால் வீதம் 12 வாசலுக்கு ஒன்பது செருப்பு, அதாவது நாலரை ஜோடி. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது தாராளம்.

6. பொதுக்குழுவில் அரங்கேற்றம்

இந்த முடிவுகளை ஆண்டுப் பொதுக்குழுவில், நான்காம் பொருளின் கீழ் சமர்ப்பித்தேன். கூட்டம் மொட்டை மாடியில், ஞாயிறு மாலை ஐந்துக்கு. தரைக்குப் புதிதாக வெள்ளை கூலிங் பெயின்ட் அடித்திருந்ததால், செருப்பைப் படி முகப்பிலேயே கழற்றிவிட வேண்டும் என்று செயலாளரின் உத்தரவு. கோரம் இல்லாததால் அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதே ஐந்து பேரைக் கொண்டு மீண்டும் துவக்கினோம். லிப்ட் பராமரிப்புக் கட்டணம் வந்தபோது முதல் மாடிக்காரர் வழக்கம்போல, "நான் லிப்ட்டே ஏறுறதில்ல சார்" என்றார். மிக்சர் வந்தது. அதன்பின் மீதி ஏழு வீட்டுக்காரர்களும் வந்தார்கள்.

என் கணக்கைக் கேட்ட செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வங்கியில் முப்பது வருஷம் லெட்ஜர் பார்த்தவர். "சரி சார், என் வாசல்ல உங்க செருப்பு முக்கால் நிக்கலாம். எந்த முக்கால்? வார்ப் பக்கமா, குதிகால் பக்கமா?"

இது ஆய்வில் விடுபட்ட கோணம்தான். பதில் யோசிப்பதற்குள் மூன்றாம் மாடி வக்கீல் எழுந்தார். "அடிப்படையே தப்பு சார். பொதுப் பகுதியைப் பாகம் பிரிக்கக் கேட்கவே கூடாதுங்கறது சட்டம். நீங்க அங்குல அங்குலமாப் பிரிச்சுட்டு வந்திருக்கீங்க."

ஸ்டாண்டுகளை அகற்றுவது குறித்து வாக்கெடுப்பு நடந்தது. பன்னிரண்டு கையும் உயர்ந்தன. அகற்ற வேண்டியது எதிர்வீட்டு ஸ்டாண்ட் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. "என்னது ஓரமாத்தான் இருக்கு" என்ற வாக்கியம் பன்னிரண்டு குரலில் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. பிரச்சினையை மேலும் ஆராய மூவர் குழு அமைத்தார்கள். அமைப்பாளர் நான்.

7. முடிவுரை

கூட்டம் கலையும்போது இருட்டிவிட்டது. படி முகப்பில் பல்பு இல்லை. காரணத்தை நான்காம் பகுதியில் கண்டோம். பன்னிரண்டு வீட்டுச் செருப்பும் வழியை அடைத்துக்கொண்டு ஒரே குவியலாகக் கிடந்தன. எது யாருடையதென்று சொல்ல முடியாத அந்தக் கும்பலை, காலால் துழாவித் துழாவி ஆளுக்கு இரண்டாக மாட்டிக்கொண்டு இறங்கினோம். அதே குடியிருப்பாளர்கள், அதே பொது இடம். ஆனால் ஒருவரும் ஒருவரையும் குறை சொல்லவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்து, லிப்ட் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். வலது கால் செருப்பு என்னுடையது. இடது கால் வேறு யாருடையதோ. என் அளவைவிடச் சிறியது. விரல்கள் முன்னால் ஒழுங்காக அமர்ந்திருந்தன. குதிகால் பின்னால் தரையில் நின்றது. டேப்பை எடுத்து வந்து அளந்தேன்.

சரியாக முக்கால் பாகம் பொருந்தியிருந்தது.