ஷெர்லக் ஹோம்ஸ் போர்ட் பிளேரில் டீ குடிக்காமையால் விளைந்த கேடுகள்: ஓர் ஆய்வு

முன்னுரை

துப்பறிவாளர்களின் பூதக்கண்ணாடி, தொப்பி, சுருட்டுச் சாம்பல் ஆகியவை குறித்து ஆய்வுகள் மலிந்துள்ளன. அவர்கள் என்ன குடித்தார்கள் என்பதை மட்டும் அறிஞர் உலகம் ஏனோ கண்டுகொள்ளவில்லை. பின்னாளில் பாதிரியாரான ரொனால்டு நாக்ஸ், ஹோம்ஸ் கதைகளை வேதநூல் போல் பாவித்து 1911இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கட்டுரை படித்தார். அன்று தொடங்கிய இத்துறையில் இன்னும் அடைபடாமல் கிடக்கும் ஓட்டை இது. அதை அடைக்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

கருதுகோள்

பானமே துப்பின் தரத்தைத் தீர்மானிக்கிறது. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குச் சிக்கல் முற்றினால் தேநீர் வேண்டும். ஹோம்ஸுக்கோ ஏழு சதவீதக் கோகெய்ன் கரைசல், அதுவும் ஊசியில். ஊசி போட்டுக்கொள்ள நாற்காலியை விட்டு எழவேண்டியதில்லை. டீக்குக் கடைக்குப் போகவேண்டும். கடைக்குப் போனால் பெஞ்சில் நாலு பேர் இருப்பார்கள். நாலு பேர் இருந்தால் ஊர்க்கதை தானே வரும். மனம் வெறுத்துப்போன துப்பறிவாளருக்கு இதைவிட நல்ல மருந்தும் இல்லை, மலிவான மருந்தும் இல்லை.

வழக்கு

ஆர்தர் கோனான் டாயிலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' 1890 பிப்ரவரியில் வெளிவந்தது. அதில் காணாமற்போனவர், அந்தமான் கைதிகளைக் காவல் காத்த படையின் அதிகாரி கேப்டன் மார்ஸ்டன். விடுப்பில் லண்டன் வந்தவர், 1878 டிசம்பர் 3 அன்று லாங்கம் ஓட்டலைவிட்டு வெளியே போனார். போனவர் போனவர்தாம். பெட்டியில் மிஞ்சியவை துணிமணி, சில புத்தகங்கள், அந்தமானிலிருந்து கொண்டுவந்த கலைப்பொருள்கள்.

ஏறக்குறையப் பத்தாண்டு கழித்து மகள் மேரி ஹோம்ஸிடம் வருகிறாள். அப்பா என்ன ஆனார் என்பதில் ஹோம்ஸ் துலக்கியது எவ்வளவு? 'டைம்ஸ்' பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டி, அப்பாவின் நண்பர் மேஜர் ஷோல்ட்டோ இறந்த தேதியைக் கண்டார். மீதி முழுவதையும், அதாவது புதையல் தகராறில் கேப்டன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததையும் உடலை மறைத்ததையும், ஷோல்ட்டோவின் மகன் ஹூக்கா இழுத்தபடி தானாகவே சொல்லிவிட்டான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. இங்கே வாய் ஒருவருடையது, பிழைத்தவர் ஹோம்ஸ்.

ஊர்

போர்ட் பிளேர்க் கைதிக் குடியேற்றம் 1858 மார்ச்சில் இருநூறு கைதிகளுடன் தொடங்கியது. கதை நடந்தபோது செல்லுலார் சிறை கிடையாது. அது 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த கட்டடம். அதுவரை கடலே மதில். கதையின் ஒற்றைக்கால் கைதி ஜோனதன் ஸ்மாலுக்கு மவுண்ட் ஹாரியட் சரிவில், ஹோப் டவுனில், தனிக் குடிசையே தருகிறார்கள். அந்த ஹோப் டவுன் துறையில்தான் 1872 பிப்ரவரி 8 அன்று ஷேர் அலி என்ற கைதி, வைஸ்ராய் மேயோ பிரபுவைக் கத்தியால் குத்திக் கொன்றார்.

இரகசியம் காக்கும் ஊர் எனப்படும் ஊர்களின் இலட்சணம் இங்கே தெளிவாகிறது. ஸ்மால் டாக்டரின் மருந்தறையில் விளக்கை அணைத்துவிட்டு, சின்ன ஜன்னல் வழியே அதிகாரிகளின் சீட்டாட்டத்தை வேடிக்கை பார்க்கிறான். மேஜர் எவ்வளவு தோற்றார், எவ்வளவு கடன், எப்போது விலைபோவார் எல்லாம் அத்துபடி. இரகசியம் லண்டனுக்குத்தான், உள்ளூரில் அது பொதுச்சொத்து. போர்ட் பிளேரில் ஒரு வாரம் தங்கி, 'அண்ணே, அந்த மேஜர் எப்படி?' என்று கேட்டிருந்தால் வழக்கு முதல் கிளாஸிலேயே முடிந்திருக்கும்.

நூலறிவினால் வந்த கேடு

ஹோம்ஸ் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து கெசட்டியரின் முதல் தொகுதியை எடுத்தார். அதுவே ஆகப் புதிய ஆதாரம் என்று நற்சான்றும் வழங்கினார். அந்தமான் சுமத்ராவுக்கு வடக்கே 340 மைல் என்றது நூல். தீவுக்கூட்டத்தின் தென்முனையிலிருந்து அளந்தால் பழுதில்லை. மக்களின் சராசரி உயரம் நாலடிக்கும் குறைவு, நரமாமிசம் தின்பவர்கள் என்றது. இங்குதான் சறுக்கல். போர்ட் பிளேரிலேயே பணியாற்றிய இ. எச். மேன், ஆட்களை நிறுத்தி அளந்து, ஆண்களின் சராசரி சுமார் 4 அடி 10 அங்குலம் என்று எழுதினார். நரமாமிசக் கதையையும் மறுத்தார். அவர் நூல் 1885இலேயே வந்துவிட்டது. கதையில் தீவுவாசி டோங்கா ஊதுகுழலால் விஷமுள் ஊதுகிறான். அந்தமானியர் கையில் இருந்தது வில்லும் அம்பும். ஊதுகுழல் அவர்கள் ஆயுதமே அன்று.

இரண்டாவது காணாமற்போனவர்

முந்தைய ஆய்வாளர்கள் தவறவிட்ட இடம் இது. காட்டில் சாகக் கிடந்த டோங்காவை ஸ்மால் பேணிக் காப்பாற்றுகிறான். நன்றிக்காக டோங்கா தன் தோணியில் அவனைத் தப்பவைக்கிறான். இங்கிலாந்துக்கு வந்ததும் ஸ்மால் அவனைத் திருவிழாக்களில் நிறுத்தி, பச்சை மாமிசம் தின்னவிட்டுக் காசு பார்க்கிறான். முடிவில் ஹோம்ஸும் வாட்ஸனும் சுட, டோங்கா தேம்ஸில் விழுகிறான். உடல் கிடைக்கவில்லை. யாரும் தேடவும் இல்லை. கேப்டனுக்கு மகள் இருந்தாள், ஆகவே அவர் காணாமற்போனவர். டோங்காவுக்காகப் புகார் கொடுக்க பேக்கர் தெருப் படியேறியவர் எவருமில்லை, ஆகவே அவன் காணாமற்போனவனே அல்லன்.

கேப்டன் மறைந்ததற்கு முந்தைய ஆண்டு, 1877இல், நிஜ அந்தமானில் தட்டம்மை பரவிக் குடிகுடியாக மக்களைக் கொண்டுபோயிற்று. 1858இல் ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர், 1901 மக்கள்தொகைக் கணக்கில் 625 பேர். போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010 ஜனவரியில் காலமானார். பேக்கர் தெருவுக்கு இதில் ஒன்றும் வந்து சேரவில்லை.

முடிவுகள்

ஒன்று: ஒருவர் காணாமற்போனவர் ஆவதற்கு, காணாமற்போவது மட்டும் போதாது, 'காணோம்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இரண்டு: காலடித்தடம், தாரின் நாற்றம், படகுத் துரத்தல் ஆகிய தாள்களில் ஹோம்ஸ் முதல் வகுப்பு. வாய்மொழித் தேர்வில் தேறவில்லை.

மூன்று: மறுதேர்வு எழுத விரும்பினால் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறலாம், சுமார் மூன்று நாள் பயணம். பழைய கெசட்டியரைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். அதில் உள்ள ராஸ் தீவு 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவாகிவிட்டது. மவுண்ட் ஹாரியட் 2021இல் மவுண்ட் மணிப்பூர் ஆயிற்று. போர்ட் பிளேரே 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம். வழி தெரியாவிட்டால் யாரையாவது கேட்டுத்தான் ஆகவேண்டும்.