நெய் ரோஸ்ட்டை ஆராய்ந்த கதை

நானோ மருந்து ஆராய்ச்சி என்று சொன்னால் சொந்தக்காரர்கள் மரியாதையாகத்தான் பார்க்கிறார்கள். உள்ளே நடப்பது தெரியாது, அவ்வளவுதான்.

மருந்தைச் சுமக்கும் கொழுப்புத் துகள், ஏறக்குறைய 100 நானோமீட்டர். புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் போகட்டும் என்று அதன்மேல் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தை ஒட்டினேன். உப்புக் கரைசலில் பிரமாதமாகப் போனது. கூட்டத்தில் படம் போட்டுக் காட்டியபோது கழுத்து தானாக நிமிர்ந்துகொண்டது. “சீரம் சேர்த்துப் பார்த்தியாப்பா?” என்றார் பேராசிரியர். சேர்த்தேன். துகளுக்குச் செல்லையே அடையாளம் தெரியவில்லை.

ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் இருக்கிறது. துகள் இறங்கியதும், மேடையேறியவருக்குப் பொன்னாடை போர்த்துவதுபோல அவை போர்த்திவிடும். முதலில் எண்ணிக்கையில் மிகுந்த அல்புமின். பிறகு அதைத் தள்ளிவிட்டு, இறுகப் பிடிக்கும் புரதங்கள். இதற்கு வ்ரோமன் விளைவு என்று பெயர். (இதைக் கண்டறிந்த லியோ வ்ரோமன் டச்சு மொழிக் கவிஞரும்கூட. எனக்கு இரண்டும் வரவில்லை.) நான் ஒட்டியது அடியில் புதைந்துவிட்டது. சிலிக்கா துகள்களில் இதே டிரான்ஸ்ஃபெரின் இப்படி மூடிப்போவதை 2013லேயே எழுதிவிட்டார்கள். அந்தக் கட்டுரை என் கணினியில் பத்திரமாக இருந்தது, திறக்கப்படாமல்.

போர்த்துவதெல்லாம் கெடுதல் என்றும் இல்லை. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிசிரான் என்ற மருந்து, கல்லீரல் செல்லுக்குள் நுழைவதே ரத்தத்திலுள்ள அப்போ-இ புரதம் அதன் துகளில் ஒட்டிக்கொள்வதால்தான். வழக்கமாக வரும் கொழுப்பு என்று நினைத்துச் செல் அதை உள்ளே விட்டுவிடுகிறது.

அந்த ஆசையில், பிளாஸ்மாவில் ஊறிய என் துகளைப் பிரித்தெடுத்து, ஒட்டிய புரதங்களைப் பட்டியல் போட்டேன். அப்போ-பி முன்வரிசையில்! கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்தாயிற்று. ஆனால் அப்போ-பி, தான் பிறந்த கொழுப்புத் துகளைவிட்டு இன்னொன்றுக்குத் தாவுகிற புரதமே அல்ல. என் துகளைச் சேர்க்காமல் வெறும் பிளாஸ்மாவையும் அதேபோல் பிரித்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே பட்டியல். விசாரித்ததில், ரத்தம் கொடுத்த நண்பன் காலையில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டிருந்தான். குடல் அந்த நெய்யைக் கைலோமைக்ரான் என்னும் கொழுப்புத் துகள்களாக்கி ரத்தத்தில் அனுப்பியிருக்கிறது. அவற்றில் சிறியவை என் துகளின் பருமன்தான் இருக்கும். பிரித்தெடுத்ததில் பாதிக்குமேல் அவைதான்.

‘இலக்கைத் தேடிச் செல்லும் துகள்’ என்று எங்காவது படித்தால், சீரத்தில் சோதித்தார்களா, வெறும் பிளாஸ்மாவோடு ஒப்பிட்டார்களா என்று பாருங்கள். எங்கள் ஆய்வகத்தில் இப்போது ரத்தம் எடுப்பது வெறும் வயிற்றில் வருபவர்களிடம் மட்டும்தான்.