மரப்பறவை செய்தவன் பெயர் என்ன?

துரோணர் வைத்த தேர்வில் அர்ச்சுனன் கண்ணுக்குப் பறவையின் தலை மட்டும்தான் தெரிந்தது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். அந்தப் பொம்மைப் பறவையைச் செய்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். சிற்பிகள் செய்தார்கள் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு வியாசரே நகர்ந்துவிடுகிறார். துருபதனின் மச்ச யந்திரத்துக்கும் இதே கதிதான். அடித்தவனுக்குத் திரௌபதி, அதை உயரத்தில் மாட்டியவனுக்குக் கூலி பாக்கி. எங்கள் வீட்டில் மகள் வில்வித்தை வகுப்பில் சேர்ந்த பிறகுதான் இந்த அநியாயம் எனக்கு உறைத்தது. அர்ச்சுனன் வேஷம் அவளுக்கு, சிற்பி வேலை எனக்கு.

அம்பு தைக்கக் கடையில் விற்கும் ஃபோம் இலக்கை (பட்ரஸ்) வாங்கிப் போடலாமே என்பீர்கள். விலையைக் கேட்டேன். அவளுடைய வில்லைவிட அதிகம். "தீபிகா குமாரி சின்ன வயசுல கல்லால மாங்காய் அடிச்சுதான் பழகினாங்களாம்" என்றாள் மகள். ராஞ்சியில் எப்படியோ, திருச்சியில் எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற ஒரே மாமரம் பக்கத்து வீட்டுக்காரருடையது. ஆகவே இலக்கை நானே செய்வது என்று முடிவாயிற்று.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கெட்டியான பொருள்தான் அம்பை நிறுத்தும் என்று நினைக்கத் தோன்றும். பலகையில் விட்டால் முனை செருகிக்கொண்டு வராது, அல்லது தண்டு வளையும், அல்லது எய்தவரை விசாரிக்கத் திரும்பி வரும். மணல்மூட்டை நிறுத்தும், ஆனால் தண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆக்கிவிடும். நல்ல இலக்கு அம்பை மரியாதையாக உள்ளே விடும். விட்டபின் நாலாபக்கமும் தண்டைப் பிடித்துக்கொள்ளும். உராய்வுதான் எல்லாம். மெத்தென்ற அடுக்குகளை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பிடி.

அடுக்குக்குச் சல்லிசான சரக்கு அட்டைப்பெட்டி. வாசலுக்கு வரும் பழைய பேப்பர்காரரிடம் நாங்கள் போட்டபோது கிலோ எட்டு ரூபாய். அதே அட்டையைத் திரும்பக் கேட்டபோது பதினைந்து. "சார், அது வாங்குற ரேட்டு, இது குடுக்குற ரேட்டு" என்று அவர் சொன்ன பொருளாதாரத்துக்கு மறுப்பு இல்லை. அட்டையை ஓரடி அகலப் பட்டைகளாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து இடுப்புயரத்துக்கு அடுக்க வேண்டும். மேலும் கீழும் ஒரு பலகை. லாரியில் சரக்குக் கட்டும் பெல்ட்டால் இறுக்க வேண்டும். அம்பு போக வேண்டியது அட்டையின் முகத்தில் அல்ல, அடுக்கின் விளிம்பில். அப்போதுதான் இரண்டு அட்டைக்கு நடுவே நுழைந்து நெருக்கடியில் நிற்கும். ஒரே இடத்தில் அடிபட்டுத் தொளதொளத்தால் அடுக்கைப் பிரித்து, நடுப்பட்டைகளை ஓரத்துக்கும் ஓரத்துப் பட்டைகளை நடுவுக்கும் மாற்றினால் போதும்.

எதிர்வீட்டு மாமா தெர்மோகோல் யோசனை சொன்னார். 2017இல் வைகை அணையில் தெர்மோகோல் மிதக்கவிட்டதைப் பார்த்த பிறகும் நம் ஊரில் தெர்மோகோல்மேல் நம்பிக்கை குறையவில்லை. வேகமாக நுழையும் அம்பின் உராய்வுச் சூட்டில் அது உருகித் தண்டில் பிசினாக ஒட்டும். உதிர்ந்த வெள்ளை மணிகள் கொல்லையெங்கும் பறக்கும். மாமாவுக்குக் காபி கொடுத்து அனுப்பினோம்.

அடுத்தது துணிமூட்டை. ஐம்பது கிலோ அரிசிச் சாக்கில் பழந்துணியைத் திணித்துத் திணித்து வாயைத் தைத்துக் கட்டித் தொங்கவிடுவது. செலவே இல்லை என்றுதான் ஆரம்பித்தேன். அம்மா வந்தாள்.

"ஏன்டா, அந்த வாயில் புடவையில கையை வைக்காத. பாத்திரக்காரன் வர்ற நேரம்."

பழந்துணி எங்கள் வீட்டில் குப்பை அல்ல, நாணயம். ரெண்டு பேண்ட், ஒரு புடவைக்கு எவர்சில்வர் கிண்ணம். கொஞ்சம் பேசினால் மூடியும் சேரும். மகளுக்கு மூட்டை நிறைந்தால் அம்மாவுக்கு ஒரு குண்டான் போச்சு. பேச்சுவார்த்தையின் முடிவில் எனக்கு வாய்த்தவை பாத்திரக்காரரே வேண்டாமென்று ஒதுக்கிய பனியன்கள், கிழிந்த தலையணை உறைகள், என் கல்யாணத்துக்கு மாமனார் எடுத்த சஃபாரி சூட். சஃபாரி சூட் போவதில் மட்டும் வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பொத்தான், ஜிப், ரவிக்கைக் கொக்கி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். உலோகத்தில் பட்டால் அம்பின் முனை கெடும். துணி நாளாக ஆகக் கீழே இறங்கிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மேல்பாதி வெறும் சாக்கானால் அம்பு மறுபக்கம் வழி கேட்காமல் போய்விடும். அவ்வப்போது இறக்கி மேலே இன்னும் திணிக்க வேண்டும்.

அப்படித் தப்பும் அம்புக்காகவே பின்னால் ஆளுயரத்துக்கு மேல் மதில், மதிலுக்கு முன்னால் ஒரு பழைய பவானி ஜமுக்காளம். இழுத்துக் கட்டினால் துளைத்துக்கொண்டு போகும். தளர்வாகத் தொங்கினால் அம்போடு சேர்ந்து ஆடி அதன் வேகத்தைக் குடித்துவிடும். மகளுடையது பழகுகிறவர்களுக்கான லேசான வில், அதற்கு இது போதும். மதில் இல்லாத கொல்லையில் இந்த விளையாட்டே கூடாது. இதில் மட்டும் நான் சிரிப்பதில்லை. அம்பைப் பிடுங்கும்போது பிடுங்குகிறவர் பின்னால் யாரும் நிற்கக்கூடாது, சட்டென்று கழன்று வரும் வால்முனைக்குக் கண் எது, காற்று எது என்று தெரியாது.

இலக்கின் முகத்தை அச்சடிக்கவும் காசு வேண்டாம். உள்ளரங்கில் 18 மீட்டரிலிருந்து எய்யும் முகம் 40 செ.மீ. குறுக்களவு. மஞ்சள் 8, சிவப்பு 16, நீலம் 24, கறுப்பு 32, வெள்ளை 40. சமையலறையில் ஸ்கேலோடு நுழைந்தேன். காபி டம்ளரின் வாய் எட்டுக்கு ஏறத்தாழ அச்சு. பிறகு ரசக்கிண்ணம், டிபன் தட்டு, சாப்பாட்டுத் தட்டு, கடைசியில் சீர்வரிசைத் தாம்பாளம். இலக்கின் வட்டங்கள் அத்தனையும் ஒரு சாப்பாட்டு மேசைக்குள் அடக்கம். மழைக்கு மேலே ஃபிளெக்ஸ் போர்த்தினோம். தெருமுனையில் இறக்கிய பேனர் ஓசியில் கிடைத்தது; கட்சிக்காரர் படம் உள்பக்கம் இருக்கும்படி திருப்பிக் கட்டியதற்குக் காரணம் கேட்காதீர்கள்.

ஆனால் இந்த இலக்குகளுக்கெல்லாம் பாட்டியான முறை மன்னார்குடிப் பக்கம் இருக்கிறது. அங்கே பெரியம்மாவிடம் வைக்கோல் கேட்கப் போனபோது படத்தைக் காட்டினேன்: வைக்கோலைப் பிரியாக முறுக்கி, சுருட்டிச் சுருட்டித் தைத்த பெரிய வட்டு. பட்டறை போட்டுச் செய்யும் பழைய முறை. பெரியம்மா கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "இது பிரிமணைதானே தம்பி" என்றாள். அம்புக்கும் பானைக்கும் ஒரே ஆசனம்! முழங்காலில் பிரியை அழுத்தி, கோணி ஊசியால் சுற்றுக்குச் சுற்று தைத்து அன்று மாலைக்குள் கொடுத்துவிட்டாள். ஷில்லாங்கில் ஞாயிறு தவிர தினமும் உருளை வடிவ வைக்கோல் இலக்கில் அம்பு விட்டு, தைத்த அம்புகளின் எண்ணிக்கையில் கடைசி இரண்டு இலக்கத்துக்கு லாட்டரி கட்டுகிறார்கள் என்று சொன்னேன். "எந்த நம்பர் விழுந்துச்சு?" என்றாள் பெரியம்மா, ஊசியை நிறுத்தாமல். ராத்திரி தொழுவத்தோரம் சாத்தி வைத்ததில், கன்று வெள்ளை வளையம் வர வேண்டிய இடம் முழுவதையும் கறுப்பின் இடத்தில் பாதியையும் தின்றிருந்தது. பெரியம்மா கன்றைத் திட்டவில்லை, வைக்கோல் நல்ல வைக்கோல் என்றாள்.

இப்போது மகள் 70 மீட்டர் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறாள். அதற்கு முகம் 122 செ.மீ. எங்கள் தெருவே 70 மீட்டர் நீளம் இல்லை என்பது ஒருபுறம் இருக்க, பெரியம்மாவிடம் போனில் நாலடி அகலம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"முறுக்கித் தர்றேன்" என்றாள். "அதுக்கு ஏத்த பானையை நீ வாங்கிட்டு வந்துடு."